ஸ்காபரோவில் செப்டம்பருக்கு ரூம்: பார்க்காமலே மூன்று மாத வாடகை கேட்கிறார், கொடுக்கலாமா?

திருச்சிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலைக்கு இந்த செப்டம்பரில் சேர்கிறேன். விசா வந்துவிட்டது, ஆகஸ்ட் மூன்றாவது வாரம் டிக்கெட். வளாக ஹாஸ்டலில் முதல் வருட இளங்கலைப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமையாம், எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் வெளியில்தான் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவின் நண்பர் மூலமாக ஒரு நம்பர் கிடைத்தது. எல்ஸ்மியர், மார்னிங்சைட் ரோடுகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தனி வீடு, மேலே ஓனர் குடும்பம், கீழே பேஸ்மென்டில் இரண்டு ரூம். ஒன்று எனக்கு, இன்னொன்றில் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாராம். மாதம் 800 டாலர், கரண்ட், தண்ணீர், வைஃபை எல்லாம் சேர்த்து. கீழே சமையலறை கிடையாது, மேலே வந்து சமைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பாத்ரூம் கீழே இரண்டு பேருக்கும் பொது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரூமைப் பிடித்து வைக்க வேண்டுமானால் மூன்று மாத வாடகை, அதோடு டேமேஜ் டெபாசிட் 500, சாவிக்கு 100, ஆக மொத்தம் 3,000 டாலர் இந்த வாரமே அனுப்பச் சொல்கிறார். எனக்கு அங்கே பேங்க் அக்கவுன்ட் இல்லையே என்றேன். கனடாவில் தெரிந்தவர் யாரையாவது இ-டிரான்ஸ்ஃபர் செய்யச் சொல்லுங்கள், நிறைய பேர் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். அக்ரிமென்ட் பற்றிக் கேட்டால், நாம் எல்லாம் தமிழர்கள், பேப்பரெல்லாம் எதற்கு என்கிறார். போட்டோ ஐந்தாறு அனுப்பினார், சுத்தமாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்குத் திருப்தி. நம்ம ஆள், ஏமாற்ற மாட்டார், அனுப்பிவிடலாம் என்கிறார். ஜிஐசிக்கு (மாணவர் விசாவுக்காகக் கனடா வங்கியில் முன்கூட்டியே போட்டு வைக்கிற செலவுப் பணம்) 22,895 டாலரும் ஒரு டேர்ம் ஃபீஸும் கட்டி முடித்த நிலையில் இன்னும் ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய் என்றால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. இது அங்கே சாதாரணமாகக் கேட்கிற தொகைதானா? 800 நியாயமான வாடகையா? அங்கே இருக்கிற அண்ணன், அக்காக்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.


எல்ஸ்மியர் பஸ்காரன்

முதலில் வெள்ளிக்கிழமை கெடுவை மறந்துவிடுங்கள் தங்கச்சி. ரூமுக்கு அவ்வளவு தட்டுப்பாடு இப்போது இல்லை. 2024 ஜனவரியில் மத்திய அரசு மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்த பிறகு புதிதாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், காலேஜ்களை நம்பி ரூம் விட்டிருந்த வீடுகள் பல காலியாகக் கிடக்கின்றன. நான் வந்த காலத்தில் ரூம் பார்க்கப் போனால் வாசலில் நமக்கு முன்னால் நாலு பேர் நிற்பார்கள். இப்போது பேரம் பேசுகிற இடத்தில் இருப்பது நீங்கள். இந்தப் பக்கத்தில் சமையலறையைப் பகிர்ந்துகொள்கிற பேஸ்மென்ட் ரூமுக்கு 800 என்பது கொள்ளை என்று சொல்ல மாட்டேன், ஆனால் 650, 700க்கும் கிடைக்கிறது. கீழேயே தனிச் சமையலறை இருந்தால் 800 கொடுக்கலாம்.

அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிஜமான ஓனரும் மோசடிக்காரரும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிதான் பேசுவார்கள், அதுதான் சிக்கல். அவசரப்படுத்துவது, போட்டோ மட்டும் அனுப்புவது, பேப்பர் வேண்டாம் என்பது மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் காசை வெளியே எடுக்காதீர்கள். இ-டிரான்ஸ்ஃபர் போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்பி வராது. அதுவும் அனுப்பப்போவது நீங்கள் இல்லை, வேறு யாரோ. நாளைக்குப் பிரச்சினை என்றால் நான் கொடுத்தேன் என்று காட்ட உங்கள் பெயரில் ஒரு சீட்டு கூட இருக்காது.

வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். ரெக்கார்ட் செய்த வீடியோ வேண்டாம். நேரலையில் தெருவில் நின்று வீட்டு எண்ணைக் காட்டி, பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி, ரூமுக்குள் வந்து, குழாயைத் திறந்து, லைட்டைப் போட்டுக் காட்டட்டும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அந்த வீட்டைப் பார்த்து ஒத்துப்பாருங்கள். அப்புறம் அந்த இன்னொரு பெண்ணின் நம்பரைக் கேளுங்கள். உண்மையாகவே ஒருவர் குடியிருந்தால் அவரிடம் ஐந்து நிமிடம் பேசினாலே பாதி தெரிந்துவிடும். ஹீட்டர் எப்படி, மேலே எத்தனை மணி வரை சத்தம், சமையலறைக்கு எத்தனை மணிக்குப் போகலாம் எல்லாம் அவர்தான் சொல்வார். இன்னும் சந்தேகம் இருந்தால் ஆன்லேண்ட் என்ற ஒன்டாரியோ நிலப்பதிவுத் தளத்தில் சில பத்து டாலர் கட்டி அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். 3,000 டாலருக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

நானாக இருந்தால் எதையும் இப்போது பிடிக்க மாட்டேன். முதல் பத்து நாளுக்கு மட்டும் ஒரு தற்காலிக இடம் போட்டுக்கொண்டு வந்து இறங்கி, நேரில் பார்த்துப் பிடிப்பேன். ஏர்பிஎன்பி என்றால் விளம்பரத்தில் டொரன்டோ நகராட்சியின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், 28 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுகிறவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும்.

இடம் விஷயத்தில் ஒன்று. வளாகத்துக்கு நடக்கிற தூரத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 905 எக்ஸ்பிரஸ் பஸ் கென்னடி சப்வே ஸ்டேஷனிலிருந்து எக்ளின்டன் வழியாக நேரே வளாகத்துக்கு வருகிறது, 95 எல்ஸ்மியர் ரோட்டில் ஓடுகிறது. இந்த இரண்டு பஸ் போகிற வழியில் எங்கே இருந்தாலும் ஒரே பஸ், மாற வேண்டியதில்லை. ஒருமுறை கார்டைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். ஆகஸ்டில் பதினைந்து நிமிடம் காலாற நடக்கலாம். ஜனவரியில் மைனஸ் 18ல், நடைபாதையில் பனியை யாரும் வழிக்காத காலையில், அதே பதினைந்து நிமிடம் வேறு கதை. பழைய யூடியூப் வீடியோவில் ஸ்காபரோ ஆர்டி ரயில் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு அதை மூடிவிட்டார்கள், இப்போது அந்தத் தடத்துக்குப் பதில் பஸ்தான்.


வடலி

நான் இங்கே ஒரு பாராலீகல் (சிறு வழக்குகளைக் கவனிக்கிற சட்ட உதவியாளர்) அலுவலகத்தில் வேலை செய்கிறேன், வாடகைப் பிரச்சினை நாளாந்தம் வருகிறது. மேலே தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் பிள்ளை எழுதினதிலே முக்கியமான வரி ஒன்றை யாரும் பிடிக்கவில்லை. குசினி, அதாவது சமையலறை, மேலே, சொந்தக்காரரோடு சேர்த்து. காசை விட அதுதான் பெரிய விஷயம்.

ஒன்ராறியோவில் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல சட்டம், வாடகைக்கு இருப்பவருக்குப் பெரிய காவல். அந்தச் சட்டப்படி ஒருவர் உங்களிடம் முன்பணமாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான், அதுவும் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் மாத வாடகை வழக்கம்போல. ஆக 800 டாலர் அறைக்கு உள்ளே போகும்போது 1,600. டமேஜ் டெபாசிட் என்று எதுவுமே வாங்க முடியாது, 500 அல்ல, 50 கூட முடியாது. சாவிக்கு வாங்கலாம், ஆனால் புதுச் சாவி வெட்ட ஆகிற செலவுக்கு மேல் வாங்கக்கூடாது, நீங்கள் போகும்போது திருப்பித் தர வேண்டும். சாவி வெட்ட எங்கேயப்பா 100 டாலர்? பின்தேதியிட்ட காசோலை தந்தால்தான் அறை என்று கட்டாயப்படுத்த முடியாது. ரசீது கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். அறைக்குள் வருவதென்றால் 24 மணித்தியாலத்துக்கு முதல் எழுத்தில் அறிவித்துவிட்டு, காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில்தான் வரலாம், அவசரம் என்றால் வேறு. வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், 90 நாளுக்கு முதல் அறிவிக்க வேண்டும், பெரும்பாலான வீடுகளுக்கு மாகாணம் அறிவிக்கிற வீதத்துக்கு மேல் போக முடியாது. 2025க்கு அது 2.5 வீதம், 2026க்கு 2.1.

இதெல்லாம் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரோடோ, அந்த வீட்டிலேயே இருக்கிற அவருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரோடோ குசினியையோ குளியலறையையோ கட்டாயம் பகிர வேண்டிய ஏற்பாடு என்றால் இந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. மேலே நான் எழுதினது அத்தனையும் போச்சு. நாளைக்கு அவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை, அல்லது ஊரிலிருந்து மச்சான் வருகிறார் என்றால் நியாயமான ஒரு அவகாசம் தந்து போகச் சொல்லலாம். வாடகைத் தீர்ப்பாயத்துக்கு நீங்கள் போக முடியாது, காசைத் திருப்பி எடுக்கச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பெப்ரவரியில், பரீட்சை நேரத்தில், அது நடக்கிற காரியமா?

அதனால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கீழே குசினி இருக்கிறதா என்பதுதான். கீழேயே அடுப்பும் சிங்க்கும் இருந்து, குளியலறையும் கீழே மற்றப் பிள்ளையோடு மட்டும் என்றால் நீங்கள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். சொந்தக்காரர் மேலே இருப்பது பிரச்சினை இல்லை.

கடதாசி எதற்கு என்கிற கதையை விடுங்கோ. 2018 ஏப்ரல் 30இலிருந்து ஒன்ராறியோவில் வாடகை ஒப்பந்தத்துக்கு அரசாங்கமே ஒரு பொதுப் படிவம் வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசமாக இறக்கலாம். நீங்கள் எழுத்தில் கேட்டு 21 நாளுக்குள் அவர் அதைத் தரவில்லை என்றால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கக்கூட உங்களுக்கு உரிமை இருக்கிறது. சட்டத்துக்கு வெளியே போகிற வீடாக இருந்தாலும், வாடகை எவ்வளவு, எதெல்லாம் அதில் அடக்கம், போவதென்றால் எத்தனை நாள் அறிவித்தல், கட்டின காசு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். சட்டம் காப்பாற்றாத இடத்தில்தான் எழுத்து இன்னும் கூடத் தேவை.

எங்கட ஆக்கள் என்பதைப் பற்றியும் ஒரு வரி. எங்கள் அலுவலகத்துக்கு வருகிற வழக்குகளில் இரண்டு பக்கமும் தமிழராக இருப்பது அபூர்வம் இல்லை. சொந்தம் கொண்டாடித்தான் ஆரம்பிக்கிறது, ரசீது இல்லாமல்தான் முடிகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஸ்காபரோ கம்யூனிட்டி லீகல் சர்வீசஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது, வந்த பிறகு ஏதாவது என்றால் அங்கே போங்கள்.


மார்க்கம் ரோட்டு வீட்டுக்காரி

நான் மற்றப் பக்கம். எங்கள் வீட்டுப் பேஸ்மென்டை மாணவிகளுக்குத்தான் விடுகிறேன். வீட்டுக்காரர் என்றாலே கள்ளர் என்பது போல எழுதுகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஒரு மாணவி வந்தால் அவருக்கு இங்கே கிரெடிட் ஸ்கோர் கிடையாது, வேலைக் கடிதம் கிடையாது, முந்தைய வீட்டுக்காரர் என்று சொல்ல ஒருவரும் கிடையாது. வாடகை நின்றால் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு விசாரணை வர மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை ஹைட்ரோ (மின்சாரம்), காஸ், தண்ணீர் எல்லாம் நான்தான் கட்டுகிறேன். மோர்ட்கேஜ் புதுப்பிக்கும்போது வட்டி ஏறினது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் நிறையப் பேர் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேட்கிறார்கள். வடலி சொல்கிற சட்டம் தெரியாமல் கேட்பவர்களும் உண்டு, தெரிந்தே கேட்பவர்களும் உண்டு. இரண்டும் சரி என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் பிள்ளை, நீங்கள் கேட்கிற விதத்தில் நிறைய இருக்கிறது. மூன்று மாதம் தர முடியாது, சட்டவிரோதம் என்று முதல் மெசேஜிலேயே எழுதினால் அவர் அடுத்த ஆளைப் பார்ப்பார். அதற்குப் பதிலாக உங்களிடம் இருப்பதைக் காட்டுங்கள். அட்மிஷன் கடிதம், ஜிஐசி சான்றிதழ், ஊரில் வீட்டு விலாசம், அப்பா அம்மாவோடு ஒரு வீடியோ கால். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் தருகிறேன், ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காசு வரும், ஒரு வருடம் இருப்பேன் என்று சொல்லுங்கள். எனக்கு அது போதும். போன வருடம் வந்த பிள்ளையின் அம்மா ஊரிலிருந்து என்னோடு அரை மணித்தியாலம் கதைத்தார், அதில் பாதி நேரம் மிளகாய்த்தூள் இங்கே கிடைக்குமா என்பதுதான். எனக்கு அதிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

மற்றது, வீட்டு விதிகளை முதலே கேளுங்கள். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினைக் கிழமை நாட்களில் இரவு 7 மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறிலும்தான் போட விடுவேன். கெடுபிடி இல்லை, அந்த நேரத்தில்தான் இங்கே மின்சாரம் மலிவு. சில வீடுகளில் மீன் சமைக்க விட மாட்டார்கள், சில வீடுகளில் இரவு 9க்குப் பிறகு அடுப்பே மூட்டக்கூடாது. மேலே போய்ச் சமைக்கிற வீட்டில் இதெல்லாம் தினமும் வரும் பிரச்சினை. நூலகத்திலிருந்து பத்து மணிக்கு வந்து தோசை சுட நினைத்தால் மேலே கிழவர் டிவி பார்த்துக்கொண்டு இருப்பார்.


வடலி

அக்கா சொன்ன முறை நல்லது, நானும் அப்படித்தான் கேட்கச் சொல்வேன். ஒன்றே ஒன்று. மாணவி தானாக முன்வந்து இரண்டு மாதம் கூடத் தருகிறேன் என்று சொன்னதாக எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.


திருச்சிக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அவரிடம் பேசினேன். மார்க்கம் ரோட்டு அக்கா சொன்ன மாதிரி மரியாதையாகத்தான் கேட்டேன். வீடியோ காலில் வந்தார், நிஜமான வீடுதான், அந்த இன்னொரு பெண்ணும் இருக்கிறார். அவரிடம் தனியாகப் பேசியபோது ரூம் பரவாயில்லை, சமையல்தான் கஷ்டம், காலை எட்டு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஆறரை வரை மட்டும்தான் மேலே விடுவார்கள், அதனால் வாரத்தில் பாதி நாள் வெளியில் சாப்பிடுகிறேன் என்றார். முன்பணத்தை இரண்டு மாதமாகக் குறைக்க ஓனர் ஒத்துக்கொண்டார், டேமேஜ் டெபாசிட்டை விட மாட்டேன் என்கிறார்.

அப்பாவிடம் சட்டம், பிரிவு எல்லாம் சொன்னபோது ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சமையல் நேரத்தைச் சொன்னதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

ஆக, வந்து பார்த்துத்தான் பிடிக்கப்போகிறேன். நேரில் பேஸ்மென்ட் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எங்கள் ஊரில் பேஸ்மென்ட் என்றால் ஜவுளிக்கடையின் கீழ்த்தளம்தான், அதில் குடியிருப்பது எப்படி என்றே எனக்குத் தெரியாது.


கோவைக் குளிர்

பேஸ்மென்டில்தான் இருக்கிறேன், சென்டெனியல் காலேஜில் படித்த நாளிலிருந்து. நல்ல பேஸ்மென்டும் உண்டு. பகலில் போய்ப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். உள்ளே நுழைந்ததும் மூக்கைத்தான் நம்ப வேண்டும். ஊதுபத்தியோ ரூம் ஸ்ப்ரேயோ கமகமவென்று அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சுவரும் தரையும் சேர்கிற மூலையில், அலமாரிக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் குளிர்காலம் முழுக்க இருமல்தான். கார்பெட் போட்ட பேஸ்மென்டை நான் எடுக்கவே மாட்டேன், டைல்ஸோ லாமினேட்டோ இருந்தால் தண்ணீர் கசிந்தாலும் தெரியும்.

ஜன்னல் இருக்கிறதா என்பது மட்டும் போதாது. அது திறக்குமா, தீப்பிடித்தால் அதன் வழியாக நீங்கள் வெளியே ஏற முடியுமா என்று பாருங்கள். சில வீடுகளில் கம்பி போட்டு, வெளியே பழைய சாமான் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரே வாசல், அதுவும் மேல் வீட்டு ஹால் வழியாக என்றால் வேண்டாம். ஸ்மோக் அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் பேஸ்மென்டில்தான் இருக்கும், கேஸில் ஓடுகிறது, அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசிந்தால் அதற்கு வாசனை கிடையாது. ஃபர்னஸ் அறைக்கு ஒட்டிய ரூம் வாடகை குறைவாகக் கிடைக்கும், சூடாகவும் இருக்கும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது தடதடவென்று கிளம்பும்போது முதல் வாரம் தூக்கம் வராது. பழகிவிடும்.

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மேல் வீட்டில்தான் இருக்கும். மேலே 22 என்றால் கீழே 18தான் வரும். டொரன்டோவில் குளிர்காலத்தில் வாடகை ரூமில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகராட்சி விதி, இல்லையென்றால் 311க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். குளிர்கிறது என்றால் ஹீட்டர் வாங்கிக்கொள் என்பார்கள், அப்புறம் கரண்ட் பில் ஏறிவிட்டது என்று உங்களிடமே காசு கேட்பார்கள். எல்லாம் வாடகையில் அடக்கம் என்றால் ஹீட்டருமா என்று அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வெளியே பக்கவாட்டுக் கதவுப் படிகளையும் பாருங்கள். கூரையிலிருந்து தண்ணீர் அந்தப் படியில் சொட்டினால் டிசம்பரில் அது கண்ணாடி மாதிரி ஐஸ் ஆகிவிடும். பிடித்து இறங்கக் கம்பி இருக்கிறதா, லைட் இருக்கிறதா, ஐஸ் உருக உப்பு யார் போடுவார்கள் என்று கேளுங்கள். யாரும் கேட்காத கேள்வி, ஆனால் என் கூட இருந்த பெண் அந்தப் படியில் விழுந்துதான் கையை உடைத்துக்கொண்டாள்.

ஒரே வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வாசலில் செருப்பு எத்தனை ஜோடி, ஃப்ரிட்ஜில் எத்தனை பேர் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும், அவர் சொல்கிற கணக்குக்கும் அதற்கும் பொருத்தம் இருக்க வேண்டும். நாலோ அதற்கு மேலோ ரூம்களைத் தனித்தனி ஆட்களுக்கு விட்டு சமையலறையோ பாத்ரூமோ பொதுவாக இருக்கிற வீடு என்றால் நகராட்சி உரிமம் வேண்டும். முன்பு ஸ்காபரோவில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு அனுமதியே கிடையாது, 2024 மார்ச் 31 முதல்தான் நகரம் முழுக்க உரிமத்தோடு விடலாம் என்று வந்தது. உரிமம் வாங்காமல் ஓடுகிறவை இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே அதிகாரிகள் வந்தால் முதலில் பெட்டியைத் தூக்கப்போவது நாம்தான்.

தேடுகிற இடம் என்றால் கிஜிஜி, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் எல்லாம் பாருங்கள், விலை நிலவரம் தெரியும். ஆனால் எனக்கு இப்போதைய ரூம் கிடைத்தது மளிகைக்கடையில். நம்ம கடைகளில் வாசல் பக்கம் ஒரு போர்டு இருக்கும், பேஸ்மென்ட் வாடகைக்கு என்று கையால் எழுதி, அடியில் போன் நம்பரைச் சீட்டுச் சீட்டாக வெட்டித் தொங்க விட்டிருப்பார்கள். எந்தச் சீட்டும் கிழிக்கப்படாத விளம்பரம் என்றால் புதுசு, உடனே போன் போடுங்கள். பாதிக்கு மேல் கிழிந்தும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் போய்ப் பார்த்தவர்கள் எல்லாம் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று யோசியுங்கள். தமிழ் வாரப் பத்திரிகைகளும் கடைகளில் இலவசமாகக் கிடக்கும், பின்பக்கங்களில் வாடகை வரி விளம்பரம் இருக்கும். இணையத்தில் போடவே தெரியாத வயதானவர்கள்தான் பெரும்பாலும் அங்கே போடுகிறார்கள், வாடகையும் கொஞ்சம் பழைய கணக்கில் இருக்கும்.

தெருவோரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன மேஜை, நாற்காலி எடுக்கலாம், எல்லாரும் எடுப்போம். மெத்தை, சோபா மட்டும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வந்தால் ரூமைக் காலி செய்தாலும் அது கூடவே வரும்.


திருச்சிக்காரி

அக்கா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். எங்கள் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பெண்கள் கென்னடி ஸ்டேஷன் பக்கம் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறார்கள், நாலாவதாக என்னைக் கேட்கிறார்கள். பங்கு 680 டாலர். லீஸ் ஒரு பெண் பெயரில் மட்டும் இருக்கிறது, அவரிடம் காசைக் கொடுத்தால் போதுமாம். பேஸ்மென்டை விட இது நல்லதா?


எல்ஸ்மியர் பஸ்காரன்

இடம் நல்ல இடம். சப்வே பக்கத்திலேயே, 905 கிளம்புகிற இடமும் அதுதான் என்பதால் காலையில் உட்கார சீட் கிடைக்கும். ஆனால் இரண்டு பெட்ரூமில் நாலு பேர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ரூமில் பாதி, சில சமயம் ஹாலில் திரை போட்டுக் கொடுத்துவிட்டு அதையும் ரூம் என்பார்கள். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி ரூமுக்கு 680 கொஞ்சம் அதிகம், நான் 600க்கு மேல் கொடுக்க மாட்டேன்.


வடலி

லீஸில் உங்கள் பெயர் இல்லை என்றால் உங்களுக்கும் கட்டடக்காரருக்கும் தொடர்பு இல்லை. அந்தப் பிள்ளையின் அறைத்தோழி, அவ்வளவுதான். அவரோடு பிணக்கு வந்தால் வாடகைத் தீர்ப்பாயம் பெரும்பாலும் உள்ளே வராது. அவர் உங்களிடம் காசை வாங்கிக் கட்டடத்துக்குக் கட்டாமல் விட்டால், நோட்டீஸ் வருகிற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே வராது. அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, மாணவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவருடைய லீஸின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள், முழு வாடகை எவ்வளவு என்று பாருங்கள், நாலால் பிரித்தால் 680 வருகிறதா என்று பாருங்கள். கட்டடக்காரரிடம் எழுதிக் கேட்டு உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமென்றால் நல்லது, ஆனால் சேர்த்தால் மற்றவர்கள் கட்டாத வாடகைக்கும் நீங்கள் பொறுப்பாக வேண்டி வரலாம், அதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். மாதாமாதம் காசை உங்கள் கணக்கிலிருந்து, எந்த மாத வாடகை என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். கையில் கொடுக்க வேண்டாம்.


மார்க்கம் ரோட்டு வீட்டுக்காரி

ஜிஐசிக் காசு முழுவதும் ஒரேயடியாகக் கைக்கு வராது பிள்ளை, வங்கியில் கணக்கைத் திறந்த பிறகு முதலில் ஒரு பகுதி, மீதி மாதாமாதம்தான். முதல் மாதம், கடைசி மாதம், குளிர் ஜாக்கெட், பஸ் எல்லாம் அந்த முதல் பகுதியிலேயே வரும். அதனால் கொஞ்சம் காசைத் தனியாகக் கொண்டு வாருங்கள். என் தங்கை வீட்டில் கீழே குசினியோடு ஒரு அறை செப்டம்பரில் காலியாகிறது, லோரன்ஸ் ஈஸ்ட் பக்கம், 750. தனிச் செய்தியில் விலாசம் தருகிறேன். வந்து பாருங்கள், பிடித்தால் எடுங்கள், அதுவரை ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். மீன் சமைக்கலாம்.